அந்த நன்றியுரையை வாசித்தது யார்?

கேள்வி:

எனக்கு 51 வயது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 1991-இல் பிளஸ் டூ முடித்தேன். போன வருடம் எங்கள் வகுப்புத் தோழர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். அடுத்த மாதம் அதே பள்ளியில் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு.

பிரிவு உபசார விழாவில் மாணவர்கள் சார்பில் நன்றியுரை வாசித்தது நான். மேடை ஏறியபோது கால் நடுங்கியது, முன்வரிசையில் தமிழ் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டது, வெளியே மழை கொட்டியது எல்லாம் இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. இதைக் குழுவில் எழுதினேன். உடனே என் நெருங்கிய தோழி, "வாசித்தது நான். உனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது, நீ விழாவுக்கே வரவில்லை" என்று பதில் போட்டாள். இன்னொருத்தி அந்த வருடம் விழாவே நடக்கவில்லை என்கிறாள். ஒரு தோழர், தமிழ் ஐயா அதற்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார் என்கிறார். கடைசியில் குழுவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். தோழி பக்கம் பதினோரு பேர், என் பக்கம் நான்கு பேர். கோபத்தில் "இவள் பொய் சொல்கிறாள்" என்று எழுதிவிட்டேன். அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

அந்த உரையை நாங்கள் இருவரும் ஒரு வாரம் ஆற்று மணலில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொல்லி மனப்பாடம் செய்தவர்கள். அப்படிப்பட்டவள் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? என் அம்மாவுக்கு 74 வயதில் மறதி நோய் வந்தது. எனக்கும் அது தொடங்கிவிட்டதா என்று இரவில் தூக்கம் வருவதில்லை. இந்தச் சந்திப்புக்கு நான் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கத்தைக் கெடுக்கும் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். 34 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாலைப்பொழுதைப் பற்றி நீங்களும் தோழியும் வேறு வேறாகச் சொல்வது மறதி நோயின் அறிகுறி அல்ல. உங்கள் அம்மாவுக்கு அது எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பாருங்கள். அல்சைமர் வகை மறதி நோயில் பெரும்பாலும் முதலில் நழுவுவது இன்று காலையும் நேற்று மாலையும்தான். சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பார்கள், ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் நான்கு முறை கேட்பார்கள், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பார்கள். அந்த நேரத்திலும் கல்யாணக் கதையைக் கோர்வையாகச் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட தடுமாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. யார் யார் என்ன சொன்னார்கள், எத்தனை வாக்கு விழுந்தது என்பது வரை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தில் பல பெண்களுக்குக் கவனம் சிதறும், பெயர்கள் நாக்கு நுனியில் நின்றுவிடும். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் இதைச் செய்யும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அன்றாட வேலையில் தடுமாற்றம் தெரிந்தால் பொது மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். தடுமாற்றம் இல்லாவிட்டாலும், தூக்கம் வராமல் போனதற்காகவாவது காட்டுங்கள். அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள்.

அடுத்து, தோழி பொய் சொல்கிறாரா என்ற கேள்வி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நம்பவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கோபத்தின் நடுவே, அதன் கனம் தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள்: உரையை இருவரும் ஒரு வாரம் ஆற்று மணலில் மாற்றி மாற்றிச் சொல்லி மனப்பாடம் செய்தீர்கள்.

2001-இல் மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ந்த இரட்டையர்கள் 20 ஜோடிகளை அழைத்து, சில சொற்களைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்ட ஜோடிகளில் ஒரே சம்பவத்தை இருவரும் "இது எனக்கு நடந்தது" என்று உரிமை கொண்டாடினார்கள். ஓட்டப் போட்டியில் ஓடியது யார் என்ற ரகம்தான். ஒருவருக்கு நடந்ததை மற்றவர் அருகில் நின்று பார்த்திருப்பார், அல்லது வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார். நாளடைவில் அவர் மனத்தில் அது தன் கண்ணால் கண்டதாகவும் தன் காலில் பட்டதாகவும் மாறியிருக்கும். அந்த நினைவில் நிறமும் ஒலியும் நடுக்கமும் இருக்கும். அதை வைத்து அசல் எது, வந்து சேர்ந்தது எது என்று பிரிக்க முடியாது. ஒன்றாகவே வளர்ந்த உயிர்த் தோழிகளிடம் இது நடக்க என்ன தடை?

இதை உங்கள் கதையில் வைத்துப் பாருங்கள். நீங்கள் அந்த உரையை உரக்கச் சொன்னது நடந்த உண்மை. கேட்பதற்குத் தோழி எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதும் உண்மை, எதிரே நீங்கள் இருந்தீர்கள். ஒரு வாரத்தில் இருவரும் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! மேடையில் ஒருவர் ஒரே ஒரு முறை, ஐந்து நிமிடம் வாசித்திருப்பார். வாசிக்காதவருக்கும் ஒவ்வொரு வரியும் தெரியும், அடுத்து எந்தச் சொல் வரும் என்று உதடு தானாக அசைந்திருக்கும், அவர் எங்காவது திக்கிவிடுவாரோ என்று இவருக்குக் கால் நடுங்கியிருக்கும். முப்பது ஆண்டுகள் கழித்து மனம் அந்த நடுக்கத்தை மேடையில் கொண்டுபோய் வைத்தால் அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

இது உங்களுக்கு நேர்ந்ததா, தோழிக்கு நேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. இருவரில் ஒருவருக்கு நேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்வேன். ஒன்றை மட்டும் கவனித்தேன், மன்னியுங்கள்: அம்மை போட்டதைத் தோழி சொல்கிறார், நீங்கள் உங்கள் கடிதத்தில் அதை மறுக்கவே இல்லை. அம்மை வீட்டுக்கே தெரிந்த விஷயம். வாசலில் வேப்பிலை செருகியது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள், செய்முறைத் தேர்வு தள்ளிப்போகுமோ என்று அப்பா பள்ளிக்கு ஓடியது என ஏதாவது ஒன்று அண்ணனுக்கோ அக்காவுக்கோ நினைவிருக்கும். அவர்களிடம் கேளுங்கள். ஆனால் "எனக்கு அப்போது அம்மை போடவில்லைதானே?" என்று கேட்காதீர்கள். கேள்விக்குள் பதிலை வைத்தால் அந்தப் பதில்தான் திரும்பி வரும். உளவியலாளர் எலிசபெத் லாப்டஸ் 1974-இல் இதைச் சோதித்துக் காட்டினார். கார்கள் மோதும் ஒரே படத்தைப் பார்த்தவர்களில், "மோதிக்கொண்டபோது" என்ற சொல்லில் கேள்வி கேட்கப்பட்டவர்களைவிட "மோதி நொறுங்கியபோது" என்ற சொல்லில் கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள். அதனால் அக்காவிடம் "நான் பிளஸ் டூ படித்த வருடம் எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா?" என்று மட்டும் கேளுங்கள்.

இனி மழை. பிரிவு உபசார விழாக்கள் பொதுத் தேர்வுக்கு முன்னால், பெரும்பாலும் பிப்ரவரியில் நடப்பவை. டெல்டாவில் அது மழைக்காலம் இல்லை. நீங்களே ஆற்று மணலில் உட்கார்ந்ததாக எழுதுகிறீர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படுவது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதன் பிறகுதான் ஆற்றில் மணல் தெரியும், பிள்ளைகள் இறங்கி உட்கார முடியும். ஆகவே மணல் அந்தப் பருவத்தோடு ஒட்டுகிறது, கொட்டும் மழை ஒட்டவில்லை. பிப்ரவரியில் மழையே பெய்யாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மழை ஐப்பசியில் நடந்த வேறொரு விழாவிலிருந்து, ஒருவேளை நீங்கள் பிளஸ் ஒன் படித்தபோது நடந்த விழாவிலிருந்து நகர்ந்து வந்திருக்கலாம். அழுகைக்கு மழை பொருத்தமாக இருக்கிறது. மனம் அப்படித்தான் பொருத்தும்.

விழாவே நடக்கவில்லை என்று சொல்பவரையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்கப் பள்ளிகளில் அங்கியும் தொப்பியும் அணிந்து, பெயரை உரக்க வாசித்து, சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பும் ஒரே ஒரு நாள் உண்டு. நம் பிளஸ் டூவுக்கு அப்படி ஒரு முடிவு நாள் கிடையாது. பிரிவு உபசார விழா ஒரு நாள். கடைசிச் செய்முறைத் தேர்வு முடிந்து சட்டையில் மை தெளித்துக்கொண்ட நாள் இன்னொன்று. ஹால் டிக்கெட் வாங்கப் போன நாள் மற்றொன்று. பொதுத் தேர்வின் கடைசி நாளோ எல்லோருக்கும் ஒன்றல்ல, உயிரியல் எடுத்தவருக்கும் வணிகவியல் எடுத்தவருக்கும் வெவ்வேறு தேதியில் முடியும். பிறகு மாலைப் பத்திரிகையில் பதிவெண்ணைத் தேடிய நாள், மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு போன நாள். ஒவ்வொரு நாளிலும் யாரோ ஒருவர் அழுதிருப்பார், யாரோ ஒருவர் ஆட்டோகிராஃப் நோட்டை நீட்டியிருப்பார். எது கடைசி நாள் என்று யாரும் சொல்லித்தராததால் ஆறேழு நாட்கள் உங்கள் ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு விதமாக ஒன்றாகி, "பள்ளியைப் பிரிந்த நாள்" ஆகிவிட்டன. தமிழ் ஐயா கண்ணைத் துடைத்தது மாற்றுச் சான்றிதழ் நாளிலோ, அவரே மாற்றலாகிப் போன நாளிலோகூட இருக்கலாம். மாற்றலாகிப் போனவர் விழாவுக்கென்று திரும்பி வந்திருக்கவும் கூடும். நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய கிராமத்துப் பிள்ளைக்கு அந்த விழா நடக்காத விழாதான்.

உங்கள் குழுவில் நடந்ததில் எனக்கு வருத்தம் தந்தது வாக்கெடுப்பு. பதினோரு பேர் சேர்ந்து சொல்வதால் ஒரு நினைவு உண்மையாகிவிடாது. அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் உங்கள் தோழியின் செய்தியைப் படித்த பிறகு "ஆமாம், அவள்தான்" என்று உணர்ந்தார்கள் என்பதை இப்போது அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவர் உறுதியாகச் சொன்ன விவரம் கேட்டவரின் நினைவில் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் அது அவருடைய சொந்த நினைவாகவே வரும். உங்கள் பக்கம் நின்ற நான்கு பேருக்கும் இது பொருந்தும்.

உறுதியாகத் தெரிகிறதே, அது பொய்யாகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறிய மறுநாள் காலையில், உளவியலாளர் உல்ரிக் நைசர் அமெரிக்காவில் தன் மாணவர்கள் 106 பேரிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் எல்லா முக்கிய விவரங்களையும் தவறாகச் சொன்னார்கள், அவர்களில் பலர் அதையும் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார்கள். அவர்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் அசல் நினைவு திரும்பவில்லை. நைசரும் நிக்கோல் ஹார்ஷும் இதை 1992-இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகூட ஆகாத நினைவின் கதி அது. உங்களுடையது 34 ஆண்டு.

உங்கள் வகுப்புக்கு இதே சோதனை கைவசம் இருக்கிறது. நீங்கள் தேர்வு எழுதிய அதே 1991-இல், மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். உங்களில் யாராலும் அதை மறக்க முடியாது. செய்தியை யார் சொன்னார்கள், இரவிலா மறுநாள் விடிந்த பிறகா, வானொலியிலா தெருவிலா என்று உங்கள் வீட்டில் அப்போது இருந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே கூரையின்கீழ் இருந்தவர்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகு, தோழிமேல் இருக்கும் கோபம் கொஞ்சம் தணியும் என்று நம்புகிறேன்.

நினைவு எல்லாமே இப்படி நைந்துபோவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹாரி பாரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1975-இல், பள்ளி முடித்து சில மாதங்கள் ஆனவர்கள் முதல் ஐம்பது ஆண்டுக்கு நெருங்கியவர்கள் வரை 392 பேரைச் சோதித்தார்கள். வகுப்புத் தோழர்களின் பெயர்களைத் தாமாகச் சொல்லச் சொன்னபோது தடுமாறினார்கள். ஆனால் பழைய ஆண்டு மலரின் படங்களை வேறு முகங்களோடு கலந்து காட்டியபோது, 35 ஆண்டு ஆனவர்களும் பத்துக்கு ஒன்பது முகங்களை அடையாளம் கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. அன்று யார் என்ன செய்தார் என்பது கலைந்துவிடுகிறது, யார் நம்மோடு இருந்தார் என்பது தங்கிவிடுகிறது. அடுத்த மாதம் பள்ளி வாசலில் நரைத்த தலைகளுக்கு நடுவே பெயர் வராவிட்டாலும் முகம் தெரிந்துவிடும், பாருங்கள்.

ஆகவே சந்திப்புக்குப் போங்கள். போவதற்கு முன் குழுவை நடத்துபவரிடம் ஒரு யோசனை சொல்லுங்கள். அந்த விழாவைப் பற்றிக் குழுவில் இனி ஒரு வரியும் எழுத வேண்டாம். ஒவ்வொருவரும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி, ஒட்டிய உறையில் போட்டுக் கொண்டுவரட்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். எது தானே பார்த்தது, எது பிறர் சொல்லிக் கேட்டது என்று பிரிக்க முடிந்தால் பிரிக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாகப் பிரித்து வாசியுங்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் திருத்தக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது தாளில் முப்பது விழா இருக்கும். உங்கள் தமிழ் ஐயா எத்தனை இடங்களில் நிற்கிறார் என்று பார்க்கத்தான் எனக்கும் ஆசை.

காகிதச் சான்றும் தேடலாம். குரூப் போட்டோவின் பின்னட்டை, அதில் யார் இல்லை என்பது, ஆட்டோகிராஃப் நோட்டில் கையெழுத்துக்குக் கீழே உள்ள தேதி எல்லாம் உதவும். தோழியின் நோட்டில் விழா நாளன்று உங்கள் கையெழுத்து இருந்தால் அம்மைக் கதை முடிந்தது. இல்லாவிட்டால் எதுவும் தீர்ந்துவிடாது. கையெழுத்து இல்லாத பக்கம் ஒன்றையும் நிரூபிக்காது.

இவையெல்லாம் அடுத்த மாதத்துக்கு. இந்த வாரம் செய்ய வேண்டியது வேறு. "பொய் சொல்கிறாள்" என்று குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதினீர்கள். உரையை யார் வாசித்திருந்தாலும் அந்தச் சொல் தவறு. அதைத் திரும்பப் பெறுவதாக, விளக்கம் எதுவும் சேர்க்காமல், அதே குழுவில் ஒரு வரி எழுதுங்கள். தோழி இப்போது அங்கே இல்லை. அவர் காதுக்கு அது போய்ச் சேரும்.

பிறகு அவருக்குப் போன் செய்யுங்கள். எழுத்தில் வேண்டாம், குரல் கேட்கட்டும். விழாவைப் பற்றியும் அம்மையைப் பற்றியும் பேச்செடுக்காதீர்கள். ஒரு வாரம் ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தோமே, அந்த உரையின் முதல் வரி உனக்கு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் தொடங்கினால், அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள்.